கம்பி மாறுகிறது; கிடங்கின் எச்சரிக்கை அழைப்பு வருமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீனும் இறாலும் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறோம். மாமனார் காலத்திலிருந்து மூன்று லேண்ட்லைன் இருக்கிறது. ஒன்று அலுவலக இன்டர்காமுக்கு, பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன். இன்னொன்றில் ஃபேக்ஸும் கார்டு மெஷினும். மூன்றாவதில் ஆட்டோ டயலர். சேம்பரில் குளிர் குறைந்தால் எனக்கும் மெக்கானிக்குக்கும் அதுவாகவே போன் செய்யும். எங்கள் தெருவில் செம்பு கேபிளை நிறுத்தப் போவதாகவும், ஃபைபருக்கு மாறிக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார்கள். இணைப்பு கொடுக்க வந்தவர், "எல்லாம் அப்படியே வேலை செய்யும்" என்கிறார். இன்டர்காம் விற்பவரோ எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க ₹85,000 ஆகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மாமனார் காலத்து நம்பர் போய்விடக் கூடாது என்பதும் எங்கள் கவலை.

பதில்: ஆட்டோ டயலரைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நான் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். இன்டர்காம் ஒரு நாள் வேலை செய்யாவிட்டால் அலுவலகத்தில் நாலு பேர் எழுந்து நடந்துபோய்ப் பேசிக்கொள்வார்கள். டயலர் ஓர் இரவு வேலை செய்யாவிட்டால், உங்களை நம்பிச் சரக்கு வைத்தவர்களுக்குக் காலையில் என்ன பதில் சொல்வது?

வந்த இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. எல்லாம் அப்படியே வேலை செய்யும், மின்சாரம் இருக்கும்வரை. இந்தப் பின்பாதியை இணைப்பு கொடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் கிடங்குக்கு அதுதான் முக்கியம்.

செம்பு லைனில் பேச்சு மட்டும் வரவில்லை, மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசை இருக்கும், அதற்குத் துணையாக ஜெனரேட்டரும் இருக்கும். அந்த 48 வோல்ட் கம்பி வழியே உங்கள் சுவர் வரை வந்து போனுக்கு உயிர் கொடுத்தது. ஊரே இருட்டில் கிடந்தபோதும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அதனால்தான். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டுமே போகும், மின்சாரம் போகாது. ஒளியைப் பேச்சாக மாற்றும் பெட்டி உங்கள் அலுவலகச் சுவரில் மாட்டப்படும். அது 12 வோல்ட் அடாப்டர் வழியாக உங்கள் பிளக்கிலிருந்துதான் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இத்தனை காலம் தொலைபேசித் துறை சுமந்த மின்சாரப் பொறுப்பு அன்றிலிருந்து உங்கள் தலையில். இதை யாரும் எழுதித் தருவதில்லை, அறிவிப்பதும் இல்லை.

இப்போது டயலரை நினைத்துப் பாருங்கள். அது எப்போது உங்களைக் கூப்பிட வேண்டும்? பெரும்பாலும் மின்சாரம் போய், கம்ப்ரஸர் நின்று, சேம்பரில் குளிர் குறையும்போது. ஃபைபர் பெட்டிக்குத் தனி பேட்டரி இல்லையென்றால் அதே நொடியில் பெட்டியும் அணைந்திருக்கும். டயலரின் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி அதை விழிக்க வைக்கும், அது லைனையும் எடுக்கும். ஆனால் லைனில் எதுவும் இருக்காது.

"எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லலாம். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மெயினை இறக்கினோம். ஃபைபர் பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. ஜெனரேட்டர் சில நொடிகளில் பிடித்துக்கொண்டது; ட்யூப்லைட் எரிந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். பெட்டி மட்டும் முதலிலிருந்து தொடங்கியது. பவர் விளக்கு எரிந்தது. ஃபைபரில் இணைப்பு கிடைத்ததைக் காட்டும் பான் என்ற விளக்கு வெகுநேரம் மினுக்கிக்கொண்டே இருந்து பிறகு நிலைத்தது. அதற்கப்புறம் இன்டர்நெட் விளக்கு. போன் விளக்கு எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வந்தது. மொத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் டயலர் மூன்று முறை முயன்று, "முடிந்தது" என்று ஓய்ந்துவிட்டது. அந்தக் கருவி டயல் டோன் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. எண்களை அழுத்திவிட்டு, பதிவு செய்த குரலை வெறுமையில் ஒலிக்கவிட்டு, கடமை முடிந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தும் அழைப்பு யாருக்கும் போகவில்லை. பழைய டயலர்களில் பல இப்படித்தான் வேலை செய்யும். உங்களுடையது எப்படி என்று சோதித்துத்தான் அறிய முடியும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. பிரிட்டனில் பழைய லேண்ட்லைன் வலையமைப்பை 2025 டிசம்பரோடு மூடத் திட்டமிட்டிருந்தார்கள். பிறகு அதை 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைக்க முக்கியக் காரணம், தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் அணிந்திருக்கும் அவசர அழைப்புக் கருவிகள். லைன் மாறிய பிறகு அவற்றில் சில, வேண்டிய நேரத்தில் அழைக்கவில்லை. பேசுவதற்கு மனிதர் இருந்தால் லைன் செத்துப்போனது உடனே தெரிந்துவிடும். மனிதர் தொடாத கருவி லைனில் இருந்தால், விபத்து நடந்த பிறகுதான் தெரியும். நம் ஊரில் இந்த மாற்றம் எக்ஸ்சேஞ்ச் வாரியாக, தெருவாரியாக நடக்கிறது. ஆகவே எச்சரிக்கையும் தெருவாரியாகத்தான் வரும். உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

முதல் வேலை, ஃபைபர் பெட்டிக்கும் டயலருக்கும் நிற்காத மின்சாரம் கொடுப்பது. கடைகளில் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது, பெட்டிக்கும் அடாப்டருக்கும் நடுவில் மாட்டும் சின்னச் சாதனம். வீட்டுக்கு அது போதும், சில மணி நேரம் தாங்கும். கிடங்குக்கு நான் அதை மட்டும் நம்பமாட்டேன். 150 ஆம்பியர்-மணி பேட்டரியோடு ஓர் இன்வெர்ட்டர் வைத்து, அதில் ஃபைபர் பெட்டி, டயலர், இன்டர்காம் மூன்றை மட்டும் இணையுங்கள். கணக்கு எளிது: 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்தால் 900. மூன்று கருவிகளும் சேர்ந்து 40, 45 வாட்தான் இழுக்கும். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவைக் கழித்தாலும் ஓர் இரவு முழுக்கத் தாராளமாகத் தாங்கும். அந்த இன்வெர்ட்டரில் ஃபேனோ கம்ப்யூட்டரோ மாட்ட யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கோடையில் ஒரு ஃபேன் போதும், இந்தக் கணக்கைக் கவிழ்க்க.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். வருபவரின் வசதிக்கு விடாதீர்கள். டயலர் மெஷின் ரூமில் இருக்கிறது என்பதற்காக ஃபைபர் பெட்டியையும் அங்கே வைக்கச் சொல்வார். உங்கள் ஆலையில் குளிரூட்டும் வாயு அம்மோனியா என்றால் வேண்டவே வேண்டாம். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். முதுநகரின் உப்புக் காற்றும் சேர்ந்தால் பிளக்கின் முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். பெட்டி அலுவலக அறையில் இருக்கட்டும். அங்கிருந்து டயலருக்குச் சாதாரண போன் வயர் இழுத்தால் போதும். ஃபைபர் வயரைச் சுவர் மூலையில் மடித்து ஆணி அடிக்கவும் விடாதீர்கள். கூர்மையாக மடிந்தால் ஒளி கசியும். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாளில் நிற்கும்.

இரண்டாவது வேலை, டயலருக்கு இன்னொரு வழி வைப்பது. நம் கடற்கரைக்கு இது ஆடம்பரம் அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்ததையும், பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி மழையைக் கொட்டியது. பழைய செம்பு கேபிள் பெரும்பாலும் மண்ணுக்கடியில் போனது. புதிய ஃபைபர் பல தெருக்களில் கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்குகிறது. கம்பம் சாய்ந்தால் ஃபைபரும் போகும். அப்போது உங்கள் இன்வெர்ட்டரில் எத்தனை மணி நேரம் மிச்சமிருந்தாலும் பயனில்லை.

ஆகவே சிம் கார்டு போடும் டயலர் ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். இதை வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "ஜி.எஸ்.எம். டயலர்" என்ற பெயரில் மலிவாக விற்பவற்றில் பல 2ஜி-யில் மட்டுமே பேசும். ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே கிடையாது. அந்தச் சிம்மைப் போட்டால் கருவி உயிரோடு இருப்பதுபோல் விளக்கு எரியும், அழைப்பு மட்டும் போகாது. 2ஜி வைத்திருக்கும் நிறுவனங்களும் அதை என்றென்றைக்கும் வைத்திருக்கப் போவதில்லை. வோல்ட்டி வழியாக, அதாவது 4ஜி வலையமைப்பிலேயே குரல் அழைப்பு போகும் முறையில், பேசும் கருவியா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஃபைபர் ஒரு நிறுவனம் என்றால் சிம் வேறு நிறுவனமாக இருக்கட்டும். ஆன்டெனாவைச் சேம்பருக்கு வெளியே, தகரக் கூரைக்கு அப்பால் கொண்டுவாருங்கள்; தகடு போர்த்திய குளிர் அறைக்குள் சிக்னல் நுழையாது. இன்னொன்று, ரீசார்ஜ். பேசாத சிம்மை யாரும் நினைவில் வைப்பதில்லை. காலாவதியான பிறகுதான் தெரியும். அந்த எண்ணை உங்கள் கணக்கர் மாதச் செலவில் ஒரு வரியாகவே எழுதி வைக்கட்டும்.

டயலருக்குள் சேமித்திருக்கும் எண்களையும் பாருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். அதற்கு முன் நிறுவிய டயலரில் 0 இல்லாமல் வெறும் பத்து இலக்க மொபைல் எண் மட்டும் இருந்தால், அது இன்றைக்கே, செம்பு லைனிலேயே உங்களைக் கூப்பிடாது. இதற்கு ஃபைபர் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று சாயங்காலமே பார்த்துவிடுங்கள். முயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, இரண்டு முயற்சிக்கு நடுவே குறைந்தது இரண்டு நிமிட இடைவெளி வையுங்கள். எடுத்தவர் ஓர் எண்ணை அழுத்தி "கேட்டேன்" என்று உறுதிசெய்யும்வரை விடாமல் அழைக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால், அதை இயக்கி வையுங்கள். லைன் வோல்ட்டேஜைக் கண்காணிக்கும் டயலர் என்றால், சில ஃபைபர் பெட்டிகள் 48-ஐ விடக் குறைவாகக் கொடுப்பதால் "லைன் அறுந்தது" என்று சும்மா கத்தும். அதன் அமைப்பை மாற்ற முடியும், நிறுவியவரைக் கூப்பிடுங்கள்.

இனி இன்டர்காம். ₹85,000 இப்போது செலவழிக்க வேண்டாம். உங்கள் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன்களின் வயர் உங்கள் கட்டடத்துக்குள் இருப்பது. தெருவில் கேபிளை எடுத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஃபைபர் பெட்டியின் பின்னால் போன் என்று எழுதிய துளையிலிருந்து வயர் எடுத்து, பழைய லைன் வந்த இடத்தில் இன்டர்காம் பெட்டியில் மாட்டினால் பேசலாம். மாட்டும் முன், தெருவிலிருந்து வரும் பழைய கம்பியை ரொசெட்டிலிருந்து (சுவரில் போன் வயர் இணையும் சின்னப் பெட்டி) கழற்றியே ஆக வேண்டும். இரண்டு பக்கத்து மின்சாரமும் ஒரே வயரில் சந்தித்தால் பெட்டியின் போன் துளை பழுதாகிவிடும். அவசரத்தில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பழைய இன்டர்காம்களில் ஒரு நல்ல வசதி உண்டு: மின்சாரம் போனால் வெளி லைன் ஒரு குறிப்பிட்ட போனுக்கு நேராகப் போய்விடும். வாட்ச்மேன் அறையில் உங்களுக்கு அப்படி ஒரு போன் இருக்கலாம். செம்பு லைனில் அது உயிர்காக்கும் வசதி. ஃபைபர் பெட்டியும் அணைந்திருந்தால் அது வெறும் பிளாஸ்டிக். இன்வெர்ட்டரில் பெட்டியை இணைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாறிய பிறகு வரக்கூடிய தொல்லை ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்த பிறகும் உங்கள் இன்டர்காம் லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்து அழைப்பவருக்கு பிஸி என்று வரும். நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ். இன்டர்காம் அதைக் கேட்டுத்தான் லைனை விடும். ஃபைபர் பெட்டி வேறு நாட்டு டோனுக்கு அமைக்கப்பட்டிருந்தால் இன்டர்காமுக்கு அது புரியாது. இணைப்பு கொடுப்பவரிடம் டோனை இந்தியாவுக்கு மாற்றித் தரச் சொன்னால் சரியாகிவிடும். இதற்காகப் புது இன்டர்காம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், பணம் வீண்.

யார்டில் பெரிய மணி மாட்டியிருக்கிறீர்களா? எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய மணி மின்சாரத்துக்கு வலு அதிகம். ஒரே லைனில் இரண்டு மூன்று போனும் ஒரு பெரிய மணியும் மாட்டினாலும் அடிக்கும். சின்னப் பெட்டிக்கு அந்த வலு இருக்காது. அந்த மணியை இன்டர்காமின் எக்ஸ்டென்ஷன் ஒன்றில் மாற்றிவிடுங்கள். விரலால் சுழற்றும் பழைய போன் ஏதாவது இருந்தால் அது அழைப்பை வாங்கும், ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் அழைக்காது. பட்டன் போன்களின் அடியில் இருக்கும் சுவிட்ச் டோன் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்று எண்களுக்கு மூன்று போன் துளை வேண்டுமே என்று கேட்பீர்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உங்களுக்கு மூன்று லைன் இனித் தேவையா என்பதே என் கேள்வி. கார்டு மெஷினை லேண்ட்லைனில் வைத்திருக்க வேண்டியதில்லை. வங்கியிடம் கேட்டால் சிம் அல்லது வைஃபை மெஷின் மாற்றித் தருவார்கள். ஃபேக்ஸை இன்னும் கேட்பது யார் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். ஒருவருமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் ஃபேக்ஸ் மெஷினின் வேகத்தை நொடிக்கு 9,600 பிட்டுக்குக் குறைத்து, இணைப்பு தருபவரிடம் டி.38 வசதியை (இன்டர்நெட் வழியே ஃபேக்ஸ் அனுப்பும் முறை) கேளுங்கள். பேச்சைச் சுருக்கி அனுப்பும் லைனில் ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் அறுந்துவிடும். ஆக, அலுவலகத்துக்கு ஒன்று, டயலருக்கு ஒன்று போதும் என்பது என் எண்ணம். டயலரின் லைனில் வேறு எதையும் மாட்டாதீர்கள்.

மாமனார் காலத்து எண்ணைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. படகுக்காரர்களுக்கும் ஏஜென்டுகளுக்கும் மனப்பாடமான 04142 எண் அது. மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் வசதி நம் நாட்டில் இல்லை. எண் வேண்டுமென்றால் இப்போது லைன் கொடுத்திருக்கும் நிறுவனத்தின் ஃபைபருக்கே மாறுங்கள். வேறொருவர் மலிவாகத் தருகிறேன் என்றாலும் அந்த எண்ணைப் பொறுத்தவரை வேண்டாம். விண்ணப்பத்தில் "அதே எண்ணைத் தொடர வேண்டும்" என்று எழுதி, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய லைனைச் சரண்டர் செய்து புது இணைப்பு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சரண்டர் செய்த எண் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மாற்றும் வரிசையும் முக்கியம். மூன்று லைனையும் ஒரே நாளில் மாற்றவிடாதீர்கள். ஃபேக்ஸ் லைனை முதலில் மாற்றி, அந்த ஃபைபர் பெட்டியில் டயலரைத் தற்காலிகமாக மாட்டிச் சோதியுங்கள். பகலில், மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது மெயினை இறக்கச் சொல்லி, டயலரைக் கையால் தூண்டிவிட்டு, உங்கள் மொபைலில் அழைப்பு வருகிறதா, குரல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபைபர் வயரைக் கழற்றிவிட்டு, சிம் டயலர் தனியாக அழைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகுதான் டயலரின் சொந்த லைனை விட வேண்டும். அதுவரை செம்பு லைனுக்கான பில்லைப் பாக்கி வைக்காமல் கட்டிக்கொண்டே இருங்கள். பாக்கிக்காக அவர்கள் முன்னதாகத் துண்டித்துவிட்டால் சோதனைக்கு அவகாசமே கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், செப்டம்பரிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மழையில் லைன்மேனும் கிடைக்கமாட்டார், கம்பத்தில் ஏறவும் முடியாது.